மூடி போடாத பேனா

பேராசிரியை இன்றைக்கும் பேனாவுக்கு மூடி போடாமல் கைப்பைக்குள் வைத்துவிட்டார். பையின் அடிப்பக்கத்தில் ஒரு நீலக் கறை சாவகாசமாகப் பரவிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நடந்து வரும் கணவர் அதைப் பார்க்கிறார். தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். மூடி அங்கேதான் இருக்கிறது.

கணவர் பல் டாக்டர். மூடி பொறுக்குவது கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாய்த்த உபரி உத்தியோகம். சோபா இடுக்கு, சாப்பாட்டு மேஜையடி, குளியலறை ஜன்னல் விளிம்பு என்று வீடு முழுக்க மூடிகள் கிடக்கும். அவற்றைச் சேகரித்து, எப்போதும் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்.

"ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லித் தர்றே. ஒரு மூடியைப் போடத் தெரியலையே!" என்பார்.

"நான் எங்கேங்க சொல்லித் தர்றேன்? ஒழுக்கம்னா என்னன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டும் வேற."

"மூடி போடுறதும் எழுதுறதும்கூட வேற வேறதான். ரெண்டையும் செய்யலாம்."

"போட்டுட்டா எழுதி முடிஞ்ச மாதிரி ஆயிடுதுங்க" என்று பேராசிரியை சிரிப்பார். பேச்சு அதோடு முடியும். கறை மட்டும் முடியாது.

பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் அவருக்கு 'அப்படியா அம்மாள்' என்று பெயர். மாணவர்கள் வைத்தது, பிறகு ஆசிரியர்கள், காவலாளி, தேநீர்க் கடைக்காரர் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். யார் எதை அடித்துச் சொன்னாலும் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு "அப்படியா?" என்று கேட்பார். அதில் கிண்டல் இருக்காது, சந்தேகமும் இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல். ஆனால் அதைக் கேட்டதும் சொன்னவருக்குத்தான் தான் சொன்னது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். துறைத் தலைவர் ஒருமுறை, "பிள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்று மேஜையைத் தட்டினார். "அப்படியா?" என்றார் அம்மாள். தலைவர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "உனக்கு அந்த வயலின் கிளாஸ் பிடிச்சிருக்காம்மா?" என்று மகளிடம் முதன்முறையாகக் கேட்டாராம். பிடிக்கவில்லையாம். வயலின் இப்போது அலமாரிக்கு மேலே இருக்கிறது.

தத்துவம் படித்தவர்கள் பிரபஞ்சம், மரணம், காலம் என்று பெரிய இடங்களில் உலாவுவார்கள். அம்மாள் அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடமும் வீடும்தான் அவருக்கு உலகம். திருத்திய விடைத்தாளை முதலில் பார்க்க உரிமை யாருக்கு, பிள்ளைக்கா பெற்றவர்களுக்கா? ரகசியம் என்று பிள்ளை சொன்னதை ஆசிரியர் வீட்டாரிடம் சொல்லலாமா? அண்ணனுக்குக் கொடுத்ததைத் தங்கைக்கும் கொடுத்தால் அது நியாயம் ஆகிவிடுமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒரு முழு ஆயுளைக் கொடுத்திருக்கிறார். "இதெல்லாம் ஒரு தத்துவமா?" என்று ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்ததால் நாளடைவில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. நூலகத்தில் இருக்கும் நேரத்தைவிடப் பள்ளிக்கூடங்களின் கடைசி பெஞ்சில் இருக்கும் நேரம் அதிகம். அனுமதி வாங்கிக்கொண்டு, முழங்கால் மேஜையில் இடிக்க இடிக்க, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி ரப்பர் கடன் கேட்பாள். அதன்பிறகு அம்மாள் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள். மூடியில்லாத பேனா காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த காலத்தில்தான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பெற்றோரை வரவழைத்து ஆசிரியர் பேசும் நாளில், பேசப்படுகிற பிள்ளை மட்டும் கதவுக்கு வெளியே நின்றது. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தாலும் பெருமூச்சு வந்தாலும் அதன் முகம் ஒரே மாதிரி வெளிறியது. அம்மாள் அதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒருவரைப் பற்றிப் பேசும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்க வேண்டும் என்பதுதான் மொத்தக் கட்டுரையும். முதலில் ஒரு தலைமையாசிரியை தன் அறையில் மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட்டார். பிறகு பக்கத்துப் பள்ளியிலும் போட்டார்கள். இன்றைக்குப் பல பள்ளிகளில் அந்த நாற்காலி கிடக்கிறது. அதை யார் கேட்டு வாங்கித் தந்தது என்று அதில் உட்கார்ந்து காலை ஆட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பல் டாக்டருக்குத் தெரியும். எந்தப் பள்ளிக்குப் பல் பரிசோதனை முகாமுக்குப் போனாலும், முதல் வேலையாகத் தலைமையாசிரியர் அறையை எட்டிப் பார்த்து நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையுறை மாட்டுவார்.

டாக்டரும் ஒரு காலத்தில் அம்மாளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்தான். கல்யாணமான புதிது. கணவரைக் கூட்டிப்போகக் கிளினிக்குக்கு வந்த அம்மாள், உள்ளே ஒரு சின்னப் பெண்ணிடம் அவர், "வலிக்கவே வலிக்காதுடா செல்லம்" என்று சொல்வதைக் கேட்டார். அடுத்த நிமிடம் அந்தப் பெண் போட்ட கூச்சலையும் கேட்டார். வீட்டுக்கு நடந்து போகும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏங்க அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னீங்க?"

"பொய்யா? அது ஒரு இதுக்குச் சொல்றதும்மா."

"எதுக்கு?"

டாக்டர் வீடு வந்து சேரும் வரை யோசித்தார். மறுநாள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையனிடம் வேறு மாதிரி பேசிப் பார்த்தார். "கொஞ்சம் வலிக்கும். தாங்க முடியலேன்னா கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன். ஏன் தூக்கினேன்னு கேட்கவும் மாட்டேன்."

பையன் சோதித்துப் பார்க்கவே நாலைந்து தடவை தூக்கினான். டாக்டர் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார். அதன்பிறகு பையன் வாயை அகலத் திறந்துகொண்டு மரம் போல உட்கார்ந்துவிட்டான். சேதி பரவியது. பல் டாக்டர் என்றால் ஓடி ஒளிகிற பிள்ளைகள், "அந்த டாக்டர்கிட்டதான் போவேன்" என்று பெற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் இதை வீட்டில் சொன்னபோது அம்மாள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்படியா?"

அன்றிலிருந்து கை தூக்கும் சட்டம் வீட்டுக்கும் வந்தது. அம்மாளின் எழுத்தில் சொந்த வீடும் தெரிந்த வீடுகளும் வரும். அதனால் யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன்னால் அவர்களுக்குப் படித்துக் காட்டுவார். கேட்கிறவர் கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் போயிற்று. ஏன் என்று கேட்பதில்லை. "வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் தேவையில்லை. சரின்னு சொல்றதுக்குத்தான் காரணம் வேணும்" என்பது அம்மாளின் கட்சி. டாக்டர் தன் பங்குக்கு ஒரே ஒரு முறை தூக்கியிருக்கிறார், குறட்டை வந்த இடத்தில்.

அவர்களுக்கு ஒரே மகன். பதின்மூன்று வயதில் கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதிவிட்டான். ஆசிரியர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. என்னடா என்று அம்மா கேட்டதும் கொட்டிவிட்டான். டாக்டருக்குப் பதற்றம். "நாளைக்கே கூட்டிட்டுப் போய் சார்கிட்ட சொல்ல வைப்போமா?" என்றார். அறம் பற்றி ஊரெல்லாம் பேசுகிற வீடு அல்லவா, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அம்மாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டும் போகவில்லை, பள்ளிக்குத் தெரிவிக்கவும் இல்லை. "பார்க்கலாம்" என்றார். அந்த நாட்களில் அவருக்கும் சரியாகத் தூக்கமில்லை என்பது டாக்டருக்கு மட்டும் தெரியும். சில நாட்கள் கழித்துப் பையன் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், "சார்கிட்ட சொல்லிட்டேம்மா" என்றான். மதிப்பெண் போயிற்று. அம்மாள் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு அறைக்குள் போய் ஒரே மூச்சில் எழுத ஆரம்பித்தார்.

அதுதான் அவருடைய பெரிய புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம். பெற்றவர்கள் தங்கள் மனசாட்சியைப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கக் கூடாது, அதனுடையது தானாக விழிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். கைப்பிரதியைப் படித்த துறைத் தலைவர், "மத்த அதிகாரமெல்லாம் இதுக்கு வாசப்படிதாம்மா" என்றார். டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கிளினிக்கின் பின்னறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அம்மாள் அதைப் படித்துக் காட்டினார். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். 'யாரும் தள்ளாமல், தானாகவே, அவன் ஆசிரியரின் அறைக்குப் போனான்' என்ற வரி வந்தது. பையனின் கை மேலே எழுந்தது. ரொம்ப உயரமாக இல்லை. அப்பாவின் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிள்ளைகள் தூக்குவார்களே, அந்த உயரம்.

அம்மாள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். டாக்டருக்கு "ஏன்டா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் கேள்வியை விழுங்கித் தண்ணீர் குடித்தார். அம்மாள் அந்தக் காகிதங்களை எல்லாம் எடுத்து மகன் கையில் கொடுத்துவிட்டு, "இது உன்னோடது" என்று எழுந்து டீ போடப் போய்விட்டார்.

புத்தகம் வந்தது. நான்காம் அதிகாரத்துக்கு அடுத்தது ஆறாம் அதிகாரம். எண்ணை மாற்றிவிடலாமே என்று பதிப்பாளர் கெஞ்சினார். "இருந்ததை இல்லாத மாதிரி காட்டுறதும் ஒரு பொய்தானே?" என்றார் அம்மாள். நடுவில் ஒரு பக்கம் விட்டு, 'ஐந்தாம் அதிகாரம் எழுதப்பட்டது. அதற்கு உரியவர் வேண்டாம் என்றதால் இங்கே இல்லை' என்று மட்டும் அச்சிட்டார்கள். அச்சுப் பிழை என்று சிலர் புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெரிய பரிசுக்குப் போன புத்தகம், 'நூல் முழுமையாக இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் அந்த அதிகாரத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்தே பட்டம் வாங்கினார். அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் இரண்டு பேராசிரியர்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, எழுதியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாளுக்கு இதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எப்போதாவது அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் தடவிப் பார்ப்பார். ஆனால் மகனிடம் ஒரு சொல் கேட்டதில்லை. டாக்டருக்குத்தான் ஆறவில்லை. தன் மனைவி எழுதியதிலேயே சிறந்ததை உலகம் பார்க்கவில்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் வருகிறவர்களிடம் புத்தகத்தைப் பற்றியும் அதில் இல்லாத அதிகாரத்தைப் பற்றியும் பெருமையடித்துக்கொள்வார். வாயில் கருவியோடு படுத்திருப்பவர்கள் பேச்சை மாற்ற முடியாது என்பது அவருக்கு வசதி.

மகன் வளர்ந்து கணக்கு ஆசிரியரானான். இந்த வருடம் அம்மாள் ஓய்வு பெறுகிறார். அதையொட்டிப் பெரிய புத்தகத்தைப் புதிதாகக் கொண்டுவரப் பதிப்பாளர் வீட்டுக்கு வந்திருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "இப்பவாவது அந்த அதிகாரத்தைச் சேர்க்கலாமேம்மா. தம்பி இப்போ பெரிய மனுஷன். ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார்.

"கேட்க மாட்டேன்."

"கேட்கிறதுல என்ன தப்பு?"

"நான் கேட்டா அது கேள்வியா இருக்காதுங்க. அம்மா கேட்டா பிள்ளைக்கு அது பாதி உத்தரவு."

பதிப்பாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஆனால் அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மா கேட்டால் உத்தரவு. அப்பா கேட்டால்? அதைப் பற்றி இவள் ஒன்றும் எழுதவில்லையே!

மறுநாள் ஒரு பல்லை அடைத்துவிட்டு, அடுத்த பல்லுக்குப் போகும் முன்னால், கிளினிக்கிலிருந்து மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், அம்மா ரிட்டயர் ஆகப் போறா. புத்தகம் புதுசா வருது. அந்த அஞ்சாவது அதிகாரம்... இத்தனை வருஷம் ஆச்சு, இனிமே உனக்கு என்னடா?"

அந்தப் பக்கமிருந்து, "சரிப்பா. போடச் சொல்லுங்க" என்று வந்தது.

அந்தச் 'சரி' டாக்டருக்குத் தெரிந்த சரிதான். பக்கத்தில் அப்பா முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்காக வாயைத் திறக்கும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். காதில் விழுந்தும் விழாதது போல இருந்துவிட்டார். சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"அவன் சரின்னுட்டான்!"

அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "அப்படியா?" முகம் ஒரு கணம் பூத்தது. அடுத்த கணம் அடுத்த கேள்வி வந்தது. "அவனாக் கூப்பிட்டுச் சொன்னானா?"

"பேசிக்கிட்டிருந்தோம்..."

"யார் யாரைக் கூப்பிட்டதுங்க?"

குட்டு உடைந்துவிட்டது. டாக்டர் எகிறினார். "உன் நல்லதுக்குத்தானே கேட்டேன்!"

"அந்த வாக்கியத்தைப் பத்தி ஒரு அதிகாரமே எழுதியிருக்கேன். ரெண்டாவது."

"எல்லாத்துக்கும் ஒரு அதிகாரம் வெச்சிருக்கே! நான் பல்லைத்தான் பிடுங்குறேன், நீ உசுரையே எடுக்கிறே!" என்று கத்திவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "நீ எழுதினது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? எல்லாரும் படிக்கணும்னு எனக்கு ஆசை. ஆசைப்பட்டது தப்பா?"

அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "ஆசை தப்பில்லைங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் தூக்கின கையைப் பிடிச்சுக் கீழே இறக்கிட்டீங்களே. உங்க நாற்காலியில ஒரு பிள்ளைக்கு அப்படிச் செய்வீங்களா?"

டாக்டர் தன் கையைப் பார்த்தார். ஆயுளில் ஒரு பிள்ளையின் கையையும் அவர் இறக்கியதில்லை.

அம்மாள் அப்போதே மகனைப் போனில் கூப்பிட்டார். "உன் சரியை நான் எடுத்துக்கலைப்பா. அது அப்பா கேட்டதால வந்த சரி. தூக்கின கை தூக்கினதாவே இருக்கட்டும். புத்தகம் பழையபடிதான் வரும்."

மகன் பெருமூச்சு விட்டது டாக்டர் வரைக்கும் கேட்டது. தொடர்ந்து ஒரு சிரிப்பும் கேட்டது. "அம்மா, ஊர்ல இருக்கிற கடைசி பெஞ்செல்லாம் உட்கார்ந்து பார்த்துட்டீங்க. என் வகுப்புக்கு மட்டும் வந்ததே இல்லை."

"நீ கூப்பிட்டதில்லையேப்பா."

"இப்போ கூப்பிடறேன். பரீட்சைக்கு முந்தின நாள் வாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் இன்றைக்கு இருவரும் இந்தத் தெருவில் நடந்து வருகிறார்கள். அம்மாளின் பையில் நீலம் பரவிக்கொண்டிருக்கிறது. டாக்டர், பள்ளிக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் தலைமையாசிரியர் அறையை எட்டிப் பார்க்கிறார். மூன்றாவது நாற்காலி இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்.

கடைசி பெஞ்சில் அம்மாளுக்குப் பழக்கம் உண்டு, டாக்டருக்கு இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நெளிந்ததைப் பார்த்து முன்வரிசை சிரித்தது. "சார், அவங்க யாரு சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க அம்மா, எங்க அப்பா. இன்னைக்குச் சொல்லப் போற கதையில வர்றவங்க" என்றார் கணக்கு ஆசிரியர். கரும்பலகையைத் துடைத்துவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். வருடா வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் அவர் இந்தக் கதையைச் சொல்வது பள்ளி முழுக்கத் தெரியும். பெற்றவர்கள் இருவருக்கும்தான் தெரியாது.

"உங்க வயசுல நான் காப்பி அடிச்சேன். அதுவும் கணக்குல" என்று ஆரம்பித்தார். வகுப்பு 'ஓ' என்றது. சோறு இறங்காதது, அம்மா 'பார்க்கலாம்' என்றது, கடைசியில் ஆசிரியரிடம் போய்ச் சொன்னது எல்லாம் வந்தன. அம்மாளின் பேனா தயாராகக் காற்றில் நின்றது.

"எங்கம்மா பெரிய ஆள். அவங்க இதைப் புத்தகத்துல எழுதினாங்க. பையன் தானாவே திருந்தினான், தானாவே போய்ச் சொன்னான்னு எழுதினாங்க. ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனா அது உண்மையில்லை." ஆசிரியர் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். "நான் தானாப் போகலை. யார் தாளைப் பார்த்து எழுதினேனோ அந்தப் பையன், 'நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?'ன்னு என்னைச் சுவரோட சேர்த்து நிறுத்திட்டான். பயந்துபோய்த்தான் ஓடினேன்."

"அப்படியா?"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மாள் எழுந்தே நின்றுவிட்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. ஆயுள் முழுக்கக் கேட்ட கேள்வி, ஆனால் பதில் இப்படி வந்து தாக்கியது இதுவே முதல் தடவை. தன் புத்தகத்தின் உயிர்நாடி என்று நினைத்தது ஒரு பொய்யின் மேல் நின்றிருந்தது. பிள்ளையின் பயத்தை மனசாட்சி என்று எண்ணி அவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அறவியல் படித்த ஓர் அம்மாவால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு.

"ஆமாம்மா" என்றார் மகன். பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு. எங்கப்பா பல் டாக்டர். அவர் கொண்டுவந்தது. கையைத் தூக்கினா நிறுத்தணும், ஏன்னு கேட்கக் கூடாது. அம்மா படிச்சுக் காட்டினப்போ நான் கையைத் தூக்கிட்டேன். அந்த மொத்த விவகாரத்துல நான் நேர்மையா செஞ்சது அது ஒண்ணுதான். அவங்க நிறுத்திட்டாங்க. அவங்க எழுதினதுலயே நல்ல அதிகாரத்தை எடுத்து என் கையில குடுத்துட்டு டீ போடப் போயிட்டாங்க. ஏன்னு கேட்கவே இல்லை. கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். கேட்காததால, நிஜத்தைச் சொல்ற தைரியம் வர்ற வரைக்கும் எனக்கு நேரம் கிடைச்சுது. வாத்தியாராகி முதல் வருஷம்தான் வந்துச்சு, அதுவும் பிள்ளைங்ககிட்ட. அம்மாகிட்ட சொல்ல இன்னைக்குத்தான் வந்துச்சு."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. என் நாற்காலியில் பிறந்த சட்டம் என்று பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் சொல்லித் தொலைக்க நாக்குத் துடித்தது. அவள் வாயில் கருவி எதுவும் இல்லாததால் அடக்கிக்கொண்டார். போனில் தான் கேட்டதை நினைத்து ஒரு பக்கம் வெட்கம், மனைவியையும் மகனையும் நினைத்து மறுபக்கம் தாங்க முடியாத பெருமை. இரண்டையும் வைத்துக்கொள்ள அந்தச் சின்ன பெஞ்சில் இடம் போதவில்லை.

"சார், இதை உங்கம்மா இப்போ புத்தகத்துல போடுவாங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

ஆசிரியரின் பார்வை அம்மாவின் கைக்குப் போனது. அம்மாள் உட்கார்ந்துவிட்டிருந்தார். வெள்ளைக் காகிதம் விரித்து இருந்தது, பேனா முனை அதற்கு ஒரு விரல் உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு அந்தக் கோலம் தெரியும். ஒரே மூச்சில் எழுதப் போகும்போது அவர் மனைவி அப்படித்தான் இருப்பார். பழைய ஐந்தாம் அதிகாரத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று அந்த முனையில் வந்து நிற்கிறது. மகன் இன்னும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கவில்லை, எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை.

அம்மாள் மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைக் கணவர் பக்கம் நீட்டி விரித்தார். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகச் சட்டைப் பைக்குள் விரலை விட்டு மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அம்மாள் அதை வாங்கிப் பேனாவில் பொருத்தி அழுத்தினார். டக்கென்று அது மூடிக்கொண்ட சத்தம் முன்வரிசை வரைக்கும் கேட்டது.